எண்ணப்படாத புத்தகங்கள்

அத்தியாயம் 14

போன வாரம் புக்கம்மாவை மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டுப் போனோம். கையில் தலைமை நூலகத்திலிருந்து வந்த கடிதம். கீழ் வீட்டில் தம்பி மனைவி பாத்திரங்களைப் போட்டுத் தேய்க்கிற சத்தம். ஏழு நாளாக அங்கேயேவா உட்கார்ந்திருக்கிறாள் என்று கேட்காதீர்கள். உடம்பு எழுந்து வேலைக்குப் போய் வந்துகொண்டுதான் இருந்தது. மனசு மட்டும் அந்தப் படியை விட்டு நகரவில்லை.

கடிதத்தில் இரண்டே பத்தி. கிளை நூலகத்தின் வாசிப்பறையை யாரும் பயன்படுத்தாததால் மாத இறுதியோடு அது மூடப்படும், வாசிப்பறை உதவியாளர் பணியிடம் நீக்கப்படும் என்பது முதல் பத்தி. கணினி முறையைச் சிறப்பாகக் கற்றுக்கொண்ட கிளை நூலகரை, மற்ற நூலகர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பதவிக்கு அழைக்கிறோம் என்பது இரண்டாவது பத்தி.

வாசிப்பறை உதவியாளர் என்றால் சிட்டு, தம்பி மனைவி. நூலகர் என்றால் புக்கம்மா. ஒரே காகிதத்தில் ஒருத்திக்கு வேலை போயிற்று, இன்னொருத்திக்குப் பதவி வந்தது. இருவரும் ஒரே வீட்டில் மேலும் கீழுமாகக் குடியிருப்பவர்கள். இதைவிட வசதியாக ஒரு சங்கடத்தை யாராலும் ஏற்பாடு செய்ய முடியாது.

சங்கடம் மட்டும் என்றால் பரவாயில்லை. வாசிப்பறைக்கு ஆளே வரவில்லை என்பது பொய். அந்தப் பொய்யைக் கணினிக்குச் சொல்லிக்கொடுத்தவள் புக்கம்மா.

விஷயம் இதுதான். வாசிப்பறையில் படிப்பவர்கள் புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும். அவர்களாக அடுக்கினால் இடம் மாறிவிடும். மதியம் இரண்டு முதல் ஏழு வரை அறை திறந்திருக்கும். ஏழு மணிக்கு சிட்டு மேசைகளில் கிடப்பதையெல்லாம் தள்ளுவண்டியில் சேர்த்து வைத்துவிட்டு வீட்டுக்குப் போவாள். மறுநாள் காலை புக்கம்மா வந்து, ஒவ்வொரு புத்தகத்தின் மேலும் ஸ்கேனரைக் காட்டி, ‘உள்ளே படித்தவை’ என்ற திரையில் பதிவு செய்து, அதற்குப் பிறகு அலமாரியில் அடுக்க வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போகிற புத்தகத்துக்குக் கணக்கு தானாக ஏறிவிடும். உட்கார்ந்து படித்துவிட்டு எழுந்து போகிற புத்தகத்துக்கு இந்த ஒரு ‘பீப்’ சத்தம்தான் சாட்சி.

எட்டு மாதத்துக்கு முன்னால் கணினி வந்த முதல் வாரம், புக்கம்மா நாற்பத்து மூன்று புத்தகங்களைத் தப்பான திரையில் பதிவு செய்துவிட்டாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. கணினியைப் பொருத்த வந்திருந்த இளைஞன், வாசகர்கள் நாலு பேர் நிற்கும்போதே சிரித்தான். “மேடம், இது டிவி ரிமோட் இல்ல, கண்ட பட்டனை அமுக்கறதுக்கு!”

அவளும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தாள். இருபத்தாறு வருஷம் அந்த நூலகத்தில் எந்தப் புத்தகம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவள். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தாள்.

மறுநாள் வண்டியில் இருந்ததை ஸ்கேன் செய்யாமல் நேரே அலமாரியில் அடுக்கினாள். நாளைக்குக் கற்றுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளை எட்டு மாதம் நீண்டது. வேடிக்கை என்னவென்றால், மற்ற எல்லாவற்றையும் அவள் மளமளவென்று கற்றுக்கொண்டாள். உறுப்பினர் சேர்க்கை, புத்தகம் கொடுப்பது, வீட்டிலிருந்தே முன்பதிவு செய்வது எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. பக்கத்துக் கிளை நூலகர்களுக்குப் போனிலேயே பாடம் நடத்தினாள். அந்த ஒரு திரைப் பக்கம் மட்டும் கை போகவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் மகள் போன் செய்தாள். மகளுக்குத் தலைமை நூலகத்தில் புள்ளிவிவரப் பிரிவில் வேலை.

“அம்மா, உங்க ஹால்ல யாருமே வர்றதில்லையா? பூஜ்ஜியம்னு காட்டுது.”

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தத் தொடர் பன்னிரண்டாவது அத்தியாயத்திலேயே முடிந்திருக்கும். அவள் சொன்னது வேறு.

“முன்ன மாதிரி இல்ல பாப்பா.”

மகள் நம்பினாள். பூஜ்ஜியத்தை அறிக்கையில் எழுதினாள்.

---

இன்று காலை ஏழு மணி. பதினோரு மணிக்குத் தலைமை நூலகக் கண்காணிப்பாளர் நேரில் வருகிறார். கூடவே மகளும் வருகிறாள்.

புக்கம்மா படியிறங்கியபோது சிட்டு கையில் சாப்பாட்டு டப்பாவோடு நின்றிருந்தாள். ஒல்லி உடம்பு, வேக நடை. இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் பட்டு யாரும் பார்த்ததில்லை, அதனால்தான் அந்தப் பெயர்.

“என்ன அண்ணி இவ்வளவு சீக்கிரம்?”

“மேடம் வர்றாங்க இல்ல. கொஞ்சம் ஒழுங்குபடுத்தணும்.”

“நீங்க ஒழுங்குபடுத்த என்ன இருக்கு? நான் மதியம் வந்தா வண்டி பளிச்சுனு காலியா இருக்கு. உங்க கை சுத்தம் யாருக்கு வரும்?”

புக்கம்மாவுக்கு டப்பாவை வாங்கிய கை சுட்டது. சாப்பாட்டின் சூடு என்று வைத்துக்கொள்ளலாம்.

“நீயும் பதினோரு மணிக்கு வந்துடு. உன்னையும் பாக்கணுமாம்.”

“வர்றேன். என்னத்தக் கேக்கப் போறாங்க? ‘சாவியைக் குடு’ம்பாங்க, குடுத்துட்டு வரப்போறேன்.” சிட்டு சிரிக்கப் பார்த்தாள், பாதியில் நின்றுவிட்டது. “பதினோரு வருஷம் அண்ணி. இங்க வீட்டுல எல்லாருக்கும் நான் யாரோ ஒருத்தரோட ஏதோ ஒண்ணு. அந்த ஹால்ல மட்டும்தான் நான் நானா இருந்தேன். சரி, விடுங்க. நீங்க டிரெயினர் ஆகறீங்களே, அது ஒண்ணு போதும். எங்க அண்ணின்னு சொல்லிக்குவேன்.”

புக்கம்மாவின் கணவர் பதினான்கு மாதம் படுத்த படுக்கையாகக் கிடந்தார். காலையில் அவரைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, பேப்பர் படித்துக் காட்டியது சிட்டுதான். அதனால்தான் புக்கம்மாவால் வேலையை விடாமல் இருக்க முடிந்தது. காலை வேலையைப் புக்கம்மாவுக்கு விட்டுக்கொடுப்பதற்காக அன்று மதிய நேர வேலைக்கு மாறிய சிட்டு, அவர் போன பிறகும் அதிலேயே இருந்துவிட்டாள். இதையெல்லாம் அவள் ஒரு நாளும் சொல்லிக்காட்டியதில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் புக்கம்மாவுக்கு இன்றைக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

“வர்றேன் சிட்டு,” என்று விடுவிடுவென நடந்தாள்.

---

தப்பைச் சரிசெய்ய மனிதர்கள் முதலில் எடுக்கிற வழி, பெரும்பாலும் இன்னொரு தப்பாகத்தான் இருக்கும். புக்கம்மா அதற்கு விதிவிலக்காக இருக்கவில்லை.

வாசிப்பறையின் விளக்கைப் போட்டாள். பன்னிரண்டு மேசை, நாற்பது நாற்காலி. ஜன்னல் ஓரத்து மேசையில் யாரோ பென்சில் சீவிய தூள். மூலைக் கணினி நேற்று சாயங்காலத்திலிருந்து அணைக்கப்படாமல் திறந்தே கிடந்தது. நல்லதாயிற்று, கடவுச்சொல் தேடி முழிக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

‘உள்ளே படித்தவை’. எட்டு மாதம் பயந்த திரை. தொட்டதும் திறந்துகொண்டது. நடுவில் ஒரு வெள்ளைக் கட்டம், அதற்குக் கீழே எண். இவ்வளவுதானா?

வண்டியிலிருந்த முப்பத்தோரு புத்தகங்களை ஸ்கேன் செய்தாள். பீப். பீப். ஒரு தப்பும் வரவில்லை. பத்தாவது புத்தகத்துக்குள் கை பழகிவிட்டது. இதற்காகவா ஒருத்தியின் வேலையைத் தொலைத்தேன் என்று நினைத்தபோது அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் முப்பத்தொன்று என்ன எண்? எட்டு மாதத்துப் பூஜ்ஜியத்தை முப்பத்தொன்று என்ன செய்துவிடும்?

அலமாரியிலிருந்து அள்ளினாள். உண்மையிலேயே படிக்கப்படுகிற புத்தகங்களைத்தான் அள்ளினாள், அந்த அளவுக்கு நியாயம். நர்ஸ் பெண் தேர்வுக்காகப் படிக்கும் உடற்கூறு புத்தகம். வாட்ச்மேன் ஒருவர் பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டு வரும் தடித்த அகராதி. தையல்காரம்மா அளவு எடுத்துக் குறித்துக்கொள்ளும் துணிவெட்டுப் புத்தகம். பீப், பீப், பீப். அடுக்குவாள், அடுத்த அலமாரிக்குப் போவாள். கடிகாரம் எட்டரையைத் தாண்டியபோது திரையில் 212 என்று இருந்தது.

வேர்த்துக் கொட்டிய முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏதோ புண்ணியம் செய்துவிட்ட மாதிரி உட்கார்ந்தாள். கணினி எண்ணிக்கையோடு நிமிஷத்தையும் குறித்துக்கொள்ளும் என்பது அவளுக்குத் தெரியும். இந்தப் பரபரப்பில் அது நினைவுக்கு வரவில்லை. திரையின் மேல் மூலையில் பொடி எழுத்தில் யார் பெயர் இருக்கிறது என்றும் அவள் பார்க்கவில்லை.

---

கண்காணிப்பாளருக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் கோர்த்துக் கழுத்தில் போட்டிருந்தார். பின்னறையில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்ததும் ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தார்.

மகள் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மாவைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆபீஸ் விஷயத்தில் மகள் எப்போதும் அப்படித்தான், “மேடம்” என்றுதான் கூப்பிடுவாள். இன்று அது மட்டும் காரணம் என்று தோன்றவில்லை.

“இன்னைக்குக் காலையில ஏழு நாற்பத்தெட்டுல இருந்து எட்டு முப்பத்தொண்ணுக்குள்ள,” கண்காணிப்பாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார், “இருநூத்திப் பன்னெண்டு புத்தகம் ஹால்ல படிச்சிருக்காங்க. ஹால் திறக்கறது மதியம் ரெண்டு மணிக்கு. பேய் பிசாசு வந்து படிச்சிட்டுப் போச்சா?”

அவர் தாளில் விரலை ஓட்டினார்.

“எட்டு மாசமா ஒண்ணுகூட இல்ல. நான் வர்ற அன்னைக்கு இருநூத்திப் பன்னெண்டு.” தாளைத் திருப்பிச் சிட்டுவின் பக்கம் தள்ளினார். “உங்க லாகின்ல இருந்து.”

புக்கம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

நேற்று சாயங்காலத்திலிருந்து திறந்து கிடந்த கணினி. சிட்டுவின் பெயரில் திறந்து கிடந்திருக்கிறது. இருநூற்றுப் பன்னிரண்டும் அவள் தலையில்.

சிட்டு தாளைப் பார்த்தாள். நேரத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து புக்கம்மாவைப் பார்த்தாள். ஒரே ஒரு தரம்தான். அதற்குப் பிறகு மேசையின் விளிம்பைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

“வேலை போகுதேன்ற வருத்தம் எனக்குப் புரியுது,” என்றார் கண்காணிப்பாளர். “ஆனா இது கள்ளக்கணக்கு. மாசக் கடைசி வரைக்கும்கூட உங்களை வெச்சிக்க முடியாது. சான்றிதழ்லயும் நான் எழுதியாகணும். ஏதாவது சொல்றதா இருந்தா சொல்லுங்க.”

“எழுதிக்கங்க மேடம்,” என்றாள் சிட்டு.

அவ்வளவுதான். ஒரு மறுப்பு இல்லை, ஒரு கண்ணீர் இல்லை.

“நான்தான்,” என்றாள் புக்கம்மா. அவள் குரலே அவளுக்குப் புதிதாக இருந்தது. “காலையில ஸ்கேன் பண்ணது நான். சிட்டு இல்ல. கம்ப்யூட்டர் திறந்திருந்துது, யார் பேர்னு நான் பாக்கல.”

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்களா? நீங்க எதுக்கு…”

புக்கம்மா வாயைத் திறந்தாள். அடுத்த வாக்கியம் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எட்டு மாதமாக நான் ஒன்றையும் பதிவு செய்யவில்லை. அது வெளியே வருவதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

“டெஸ்ட் என்ட்ரி மேடம். டிரெயினரா போகணும் இல்ல, ஒரு தடவை பழகிப் பாத்துக்கங்கன்னு நான்தான் நேத்து சொன்னேன். பழகினதை அழிக்காம விட்டுட்டாங்க. என் தப்பு, நான் உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்.”

பச்சைப் பொய். நேற்று மகள் போனே செய்யவில்லை.

“அப்படியா?” கண்காணிப்பாளர் புக்கம்மாவைக் கேட்டார்.

மறுக்கத்தான் நினைத்தாள். தலை தன்பாட்டுக்கு மேலும் கீழும் ஆடியது.

“சரி. அழிச்சிடுங்க.” தாள் மடிந்து பைக்குள் போயிற்று. சிட்டுவின் பக்கம் திரும்பியபோது அவர் குரல் இறங்கியிருந்தது. “மன்னிச்சுக்கங்கம்மா, அவசரப்பட்டுட்டேன். ஹாலை மூடறதுல எனக்கு ஒண்ணும் சந்தோஷம் இல்ல. ஒரு நம்பர் காட்டுங்க, நானே மேல போய்ச் சண்டை போடறேன். பூஜ்ஜியத்தை வெச்சிக்கிட்டு நான் யார்கிட்ட பேசறது?”

சிட்டு ஏதோ சொல்லப் போகிறவள் மாதிரி நிமிர்ந்தாள். புக்கம்மாவைப் பார்த்ததும் மறுபடி குனிந்துகொண்டாள்.

கிளம்பும்போது கண்காணிப்பாளர் புக்கம்மாவிடம் சொன்னார். “ஒப்புதல் படிவம் உங்க மெயில்ல இருக்கு. அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடுங்க. உங்களை மாதிரி நாலு பேர் இருந்தா எனக்குக் கவலையே இல்ல.”

வாசலில் மகள் அம்மாவின் பக்கமாக நெருங்கி, உதடு அசையாமல் கேட்டாள். “ஏம்மா இப்படிப் பண்ண?”

பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

---

மதியம் ஒரு மணிக்குத் தம்பி வந்தான். நூலக வாசலில் காலி ஸ்கூல் வேன், ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டு அவன். ஒரு காலத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவன், இருபது மெஷின் வைத்திருந்தான். எல்லாம் போய், ஐம்பது குழந்தைகளை ஏற்றி இறக்கும் வேலைக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

“என்னக்கா, மூஞ்சி இஞ்சி தின்ன மாதிரி இருக்கு?”

“ஒண்ணுமில்லடா. நீ என்ன இந்த நேரத்துல?”

“இதை அவகிட்ட குடுத்துடு.” சீட்டிலிருந்து ஒரு துணிப்பையை எடுத்து நீட்டினான். “காலையில இறக்கி விட்டேன் இல்ல, வண்டியிலயே வெச்சிட்டா. மறந்துட்டாளோன்னு பாத்தா, மறக்கல. கையில எடுத்தா. ரெண்டு படி இறங்கினா. திரும்ப வந்து சீட்டுல வெச்சா. ‘வேணாம், இருக்கட்டும்’னா. என்னன்னு கேட்டா உனக்குப் புரியாதுன்றா. எனக்கு என்னைக்குத்தான் என்ன புரிஞ்சிருக்கு?”

“என்னடா உள்ள?”

“என் இன்ஸ்டிட்யூட் நோட்டுதான். மெஷினெல்லாம் எடைக்குப் போச்சு, நோட்டு மட்டும் மிச்சம். அதுல தினம் சாயங்காலம் கோடு கோடா போட்டுட்டு இருப்பா. ‘கோலம் போடறியாடி?’ன்னு கிண்டல் பண்ணுவேன்.” சாவியைத் திருகினான். “அக்கா, அவளுக்கு வேற ஏதாவது வேலை பாத்துக் குடு. எனக்கு மெஷின் போனப்ப ஆறு மாசம் நான் எப்படி இருந்தேன்னு உனக்குத் தெரியும். இவ என்னை மாதிரி கத்தக்கூட மாட்டா.”

வேன் போய்விட்டது. புக்கம்மா வாசலிலேயே நின்று நோட்டைத் திறந்தாள்.

தேதி. அதற்குப் பக்கத்தில் ஐந்தைந்தாகக் கட்டிய கோடுகள். கடைசியில் ஓர் எண். கணினி வருவதற்கு முன்பெல்லாம் வாசிப்பறை உதவியாளர் தினமும் மேசையிலிருந்து எடுத்த புத்தகங்களை இப்படித்தான் எண்ணிவைக்க வேண்டும். கணினி வந்ததும் அந்த வழக்கத்தை நிறுத்தச் சொன்னார்கள். சிட்டுவுக்குக் கை நிற்கவில்லை போலிருக்கிறது.

‘34.’ ‘29.’ ‘மழை, 11.’ ‘பரீட்சை நேரம், 52, நாற்காலி பத்தல.’ ‘கரண்ட் இல்ல, ஆனாலும் 16.’

ஒவ்வொரு மாதக் கடைசியிலும் கூட்டல். எட்டு மாதத்துக்கும் சேர்த்து நேற்று இரவு போட்ட மொத்தம் கடைசிப் பக்கத்தில் இருந்தது. 6,318.

காட்டுவதற்காகத்தான் கூட்டியிருக்கிறாள். காலையில் கையில் எடுத்தும் இருக்கிறாள். இரண்டு படி இறங்கிவிட்டுத் திரும்பியிருக்கிறாள்.

புக்கம்மா பக்கங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள். இரண்டு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதியில் எண்ணுக்குக் கீழே பொடி எழுத்தில் மூன்று வரி.

‘கம்ப்யூட்டர்ல பாத்தேன். எல்லா நாளும் 0. நானே சாயங்காலம் ஸ்கேன் பண்ணிடட்டுமான்னு அண்ணிகிட்ட கேட்டேன். கோவிச்சிக்கிட்டாங்க, இனி கேக்கல.’

அந்த நாள் நினைவுக்கு வந்தது. “ஏன், நான் செய்யறது உனக்குப் போதலையா? அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாத்தா போதும்” என்று எரிந்து விழுந்திருந்தாள். சிட்டு “இல்ல அண்ணி, சும்மா கேட்டேன்” என்று பின்வாங்கியிருந்தாள். இரண்டு மாதமாக எல்லாம் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறாள். இன்று காலை படியில் சொன்னதும் தெரிந்துதான் சொன்னது. உங்க கை சுத்தம் யாருக்கு வரும். அதில் குத்தல் இருந்ததா என்று புக்கம்மா தேடிப் பார்த்தாள். இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இல்லை. அண்ணிக்குச் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்பதற்காகச் சொன்ன பேச்சு அது.

வெயிலில் நின்றபடியே அழுதாள்.

---

நாலு மணி. வாசிப்பறை நிறைந்திருந்தது. நர்ஸ் பெண் உடற்கூறு புத்தகத்தில் தலையைப் புதைத்திருந்தாள். வாட்ச்மேன் அகராதியில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தார். சிட்டு மேசைக்கு மேசை போய், நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திக்கொண்டிருந்தாள். அடுத்த மாதத்திலிருந்து இதெல்லாம் இல்லை என்று அவர்கள் யாருக்கும் தெரியாது.

முன்மேசையில் புக்கம்மா ஒப்புதல் படிவத்தைத் திறந்தாள். பெயர், வயது, பணிக்காலம். கடைசியில் ஒரு கட்டம். ‘புதிய முறைக்கு நீங்கள் எப்படி மாறினீர்கள்? ஐந்து வரிகளுக்குள் எழுதவும்.’

அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது.

அந்தப் பதவி அவளுக்கு வேண்டும். பொய் சொல்வானேன், ரொம்பவே வேண்டும். டிவி ரிமோட் என்று சிரித்தவன் முன்னால் நின்று பாடம் நடத்துகிற மாதிரி இந்த ஏழு நாளில் எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஓய்வு பெற ஏழு வருஷம் இருக்கும்போது யாருக்கு இப்படி ஒரு வாசல் திறக்கும்?

தட்டச்சு செய்ய ஆரம்பித்தாள்.

‘எட்டு மாதமாக வாசிப்பறைப் புத்தகங்களை நான் பதிவு செய்யவில்லை, கற்றுக்கொள்ள வெட்கப்பட்டேன். அறிக்கையில் உள்ள பூஜ்ஜியம் என்னுடைய தவறு. உண்மையான எண்ணிக்கை 6,318. உதவியாளர் தினமும் கையால் எழுதிய நோட்டு இருக்கிறது. இன்று காலைப் பதிவுகள் பயிற்சி அல்ல, யாரும் என்னைச் செய்யச் சொல்லவும் இல்லை. எண்ணிக்கையைக் கூட்டிக் காட்ட நானே செய்தேன். பயிற்சியாளராக இருக்க எனக்குத் தகுதி இல்லை.’

கட்டத்துக்குள் சரியாக ஐந்து வரி. ஒரு தடவை படித்தாள். இன்னொரு தடவை படித்தால் மனசு மாறிவிடும் என்று பயந்து, அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினாள்.

எட்டு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு அடிவயிறு வரை போயிற்று.

“அண்ணி.” சிட்டு பின்னால் நின்றிருந்தாள். மேசையில் இருந்த நோட்டைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தாள். “என்ன அண்ணி இது? எதுக்கு இதெல்லாம்? நான் கேட்டேனா?”

“நீ கேக்கலைன்னுதான்டி.”

“அனுப்பிட்டீங்களா?”

“அனுப்பிட்டேன். விடு, இனிமே அவங்க பாடு. நீ நோட்டை எடுத்துட்டுப் போய் மேடம்கிட்ட…”

“அய்யோ அண்ணி.” சிட்டு நாலாவது வரியை விரலால் தொட்டுக் காட்டினாள். “யாரும் சொல்லலைன்னு எழுதிட்டீங்களே. பாப்பா காலையில என்ன சொல்லுச்சு? ‘நான்தான் பழகச் சொன்னேன்’னு மேடம் மூஞ்சைப் பாத்துச் சொல்லுச்சே.”

புக்கம்மா திரையைப் பார்த்தாள். எழுத்துகள் அசையாமல் நின்றன.

மகளை மறந்துவிட்டாள். தன் பாரத்தை இறக்கி வைக்கிற அவசரத்தில், தனக்காகப் பொய் சொன்னவளைச் சுத்தமாக மறந்துவிட்டாள். அறிக்கை எழுதியவளும் அவள்தான், அதைக் காப்பாற்றப் பொய் சொன்னவளும் அவள்தான் என்று இனி ஆகிவிடும். வேலைக்குச் சேர்ந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

மேசையில் போன் அதிர்ந்தது. மகள்.

“எடுங்க அண்ணி,” என்றாள் சிட்டு.

எடுத்தாள்.

“பாத்துட்டேம்மா.” மகளின் குரல் ரொம்ப அமைதியாக இருந்தது. “மேடம் பிரின்ட் எடுத்துட்டாங்க. என்னைக் கூப்பிடறாங்க.”

“பாப்பா, நான் யோசிக்கவே இல்லடா. உன்னை நினைக்கவே…”

“தெரியும்.” கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. “ஹால்ல யாரும் வர்றதில்லையான்னு அன்னைக்கு உன்கிட்ட கேட்டேன் இல்ல? வேற கிளையா இருந்தா நேர்ல போய்ப் பாத்திருப்பேன். அதுதான் விதி. அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு போகல.”

புக்கம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நோட்டைப் பத்திரமா வை. யார்கிட்டயும் குடுக்காத, நானே வந்து வாங்கிக்கறேன். சாவியைக் குடுத்துட வேணாம்னு சிட்டு அத்தைகிட்ட சொல்லு.” யாரோ தூரத்தில் கூப்பிடுவது கேட்டது. “போறேம்மா.”

போன் அணைந்தது. சிட்டு நாற்காலியை இழுத்து அண்ணியை உட்கார வைத்துவிட்டு, பக்கத்திலேயே நின்றாள்.

வாசிப்பறையில் தையல்காரம்மா எழுந்தாள். புத்தகத்தை மேசையிலேயே வைத்துவிட்டு, இருவருக்கும் தலையசைத்துவிட்டுப் போனாள். புக்கம்மா போய் அந்தப் புத்தகத்தை எடுத்தாள். மூலைக் கணினியில் சிட்டுவின் பெயரை மூடி, தன் பெயரில் திறந்து, அந்தத் திரைக்குப் போய் ஸ்கேனரைக் காட்டினாள். பீப். காலையில் செய்த பதிவுகளை அதற்குள் அழித்திருந்தார்கள். பூஜ்ஜியம் இருந்த இடத்தில் ஒன்று வந்தது.

இந்நேரம் மகள் கண்காணிப்பாளரின் அறைக் கதவைத் தட்டியிருப்பாள்.